கேட் புத்தகத்தில் தொடங்குங்கள்: சிறைக்கும் ஊருக்கும் இடையே தொற்று போய்வருவதை ஆராய விரும்புவோருக்கு

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருவார்கள். "சிறையில் தொற்றுநோய் பற்றி ஆய்வு பண்ணணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது மேடம்?" என்பார்கள். சென்னையில் பதினாறு ஆண்டுகளாகக் கள ஆய்வு பார்க்கிறேன். அவர்களுக்கு டீக்கடையிலும் பேருந்திலும் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன்னால் புழல் மத்தியச் சிறைக்கு வெளியே ஒரு முழு நாள் நில்லுங்கள். காலையில் மனு பார்க்க வந்தவர்கள் கைக்குழந்தையோடும் பழப் பையோடும் காத்திருப்பார்கள். சிறையில் இருப்பவரைச் சந்திப்பதற்கு இந்த வட்டாரத்தில் மனு என்றுதான் பெயர். நேர்காணல் என்று கேட்டால் உங்களை வெளியாள் என்று முடிவு செய்துவிடுவார்கள். வாய்தாவுக்கு, அதாவது நீதிமன்ற விசாரணைத் தேதிக்கு, கைதிகளைக் காவலோடு கொண்டுபோகும் வழிக்காவல் வண்டி கிளம்பும். இரவுப் பணி முடிந்த வார்டன்கள் குவார்ட்டர்ஸுக்கு நடப்பார்கள். வக்கீல்களும் அவர்களுடைய குமாஸ்தாக்களும் வருவார்கள். காய்கறி வண்டி உள்ளே போய் வரும். ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலையில்தான், கையில் ஒரு துணிப்பையோடு வெளியே வருவார்கள். ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். அந்த ஒரு தாள்தான் உங்கள் ஆய்வின் வரைபடம்.

எந்த நோய், எந்தக் கேள்வி

'சிறையும் தொற்றுநோயும்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு போனால் ஓராண்டு முடிந்தும் ஒன்றும் கையில் இருக்காது. கேள்விகள் மூன்று இருக்கின்றன. நோய் வெளியிலிருந்து உள்ளே வந்ததா? உள்ளே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறதா? உள்ளிருந்து வெளியே போகிறதா? முதல் ஆய்வில் ஒரு நோய், ஒரு கேள்வி போதும்.

மூன்றாவது கேள்வி பழமையானது. 1750-இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு நியூகேட் சிறையிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டவர்களோடு சிறைக் காய்ச்சலும் வந்தது. நகர மேயரும் நீதிபதிகளும் உட்படப் பலர் செத்துப்போனார்கள். நாற்றத்தில்தான் நோய் இருக்கிறது என்று நம்பி, நீதிபதிகள் வாசனைப் பூங்கொத்து பிடித்துக்கொண்டு உட்காரும் பழக்கம் உண்டாயிற்று. அந்தக் காய்ச்சலைப் பரப்பியது உடல் பேன் என்பது 1909-இல்தான் தெரிந்தது. அதாவது கைதியின் உடைதான் வண்டியேறி நீதிமன்றம் வரை நோயைக் கொண்டுபோயிருக்கிறது. வாய்தா வண்டியை எண்ணச் சொன்னது இதனால்தான்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் நோய் சின்னம்மை. காரணம் சொல்கிறேன். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். முத்து எழும்பிய நாள் ஆளுக்கு நன்றாக நினைவிருக்கும். தொற்றிய நாளிலிருந்து முத்து எழும்ப 10 முதல் 21 நாள் ஆகும். எழும்புவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லா முத்தும் பொருக்குத் தட்டும் வரை பிறருக்குத் தொற்றும். குளிர் நாடுகளைப் போலில்லாமல் நம் ஊரில் அம்மை வராமலே பெரியவர்களானோர் நிறைய. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலும் இல்லை. அப்படிப்பட்ட இளைஞர்கள் ஒரே கொட்டடியில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு நிமோனியா வரை போகலாம். பெண்கள் சிறையில் கர்ப்பிணிகள் இருப்பார்கள், ஆறு வயது வரை குழந்தைகளும் தாயோடு இருப்பார்கள். அதனால் சின்னம்மைதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காசநோயை இரண்டாவது ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொற்றியதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே மாதங்களும் ஆண்டுகளும் ஓடிவிடும் என்பதால் தேதிக் கணக்கு அங்கே உதவாது.

கேட் புத்தகம்

சிறைக்குள் யார் வந்தார், யார் வெளியே போனார் என்று கேட்டில் எழுதும் பதிவேடுதான் கேட் புத்தகம். இங்கேதான் நான் முதலில் தவறினேன், விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் ஆய்வில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கு உள்ளே இருந்தவர்களின் பட்டியலிலிருந்து குலுக்கலில் ஆட்களை எடுத்துப் பேசினேன். முறையாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். முடிவைப் பார்த்த ஒரு மூத்த தலைமைக் காவலர், "மேடம், நீங்க பேசினதெல்லாம் பழைய ஆளுங்க. அஞ்சு நாள்ல ஜாமீன்ல போறவன் ஒருத்தன்கூட இதுல இல்லையே" என்றார். அவருக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் தினமும் கதவு திறந்து மூடுகிறவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒரு சிறைக்கு நாளுக்கு 10 பேர் வருகிறார்கள். அவர்களில் 8 பேர் 5 நாளில் போய்விடுகிறார்கள், 2 பேர் 100 நாள் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு நாள் உள்ளே எண்ணினால் 8 × 5 = 40 குறுகிய நாள் ஆட்கள், 2 × 100 = 200 நீண்ட நாள் ஆட்கள், ஆக மொத்தம் 240. நீங்கள் குலுக்கலில் எடுக்கிற ஆறு பேரில் ஐந்து பேர் நீண்ட நாள் ஆட்களாக இருப்பார்கள். ஆனால் தினமும் கதவு வழியே வெளியே போகிற 10 பேரில் 8 பேர் அந்த ஐந்து நாள் ஆட்கள். ஊருக்குள் தொற்று போகிறதா என்ற கேள்விக்கு இவர்கள்தான் முக்கியமானவர்கள், உங்கள் பட்டியலிலோ இவர்கள் அநேகமாக இல்லை.

இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். புழலில் தண்டனைச் சிறை, விசாரணைச் சிறை, பெண்கள் தனிச் சிறை மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரு எண்ணாகச் சொல்லாதீர்கள். விசாரணைச் சிறையின் வேகமே வேறு.

ஆகவே, ஒரு நாள் பட்டியலை எடுக்காமல், மூன்று மாதத்துக்கு உள்ளே வந்தவர், வெளியே போனவர் பதிவேட்டை எடுங்கள். அனுமதிக் கடிதத்திலேயே அதைத் தெளிவாகக் கேளுங்கள். வந்த தேதி, நேரம், எந்தத் தொகுதி, தொகுதி மாறிய தேதிகள், நீதிமன்றம் போன தேதிகள், மருத்துவமனைக்குப் போன தேதிகள், வெளியேறிய தேதி, இவ்வளவும் ஓர் ஆளுக்கு ஒரு வரியில் வர வேண்டும். எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதை எத்தனை 'ஆள்-நாள்' (ஒவ்வொருவரும் உள்ளே இருந்த நாட்களை எல்லாம் கூட்டியது) என்ற எண்ணால் வகுங்கள். நூறு நாள் இருந்தவரையும் ஐந்து நாள் இருந்தவரையும் ஒரே தலையாக எண்ணக் கூடாது.

பெயர்கள் உங்களைப் படுத்தும். ஒரே ஆள் ஆண்டுக்கு மூன்று முறை வந்திருப்பார். ஒரு முறை செந்தில், ஒரு முறை சென்தில், ஒரு முறை செந்தில்குமார் என்று பதிவாகியிருக்கும். தகப்பனார் பெயர், வயது, அங்க அடையாளம் மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். பொருத்தி முடித்த அன்றே பெயரை எடுத்துவிட்டு எண் கொடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஒன்றே ஒன்று, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். உங்கள் மடிக்கணினியில் அது இருக்கக் கூடாது.

10, 21

ஆளுக்கு ஒரு வரியாக எழுதிய அந்தப் பட்டியல், அதாவது லைன் லிஸ்ட், தயாரானதும் ஒவ்வொரு அம்மை நோயாளிக்கும் நேராக வந்த தேதியையும் முத்து எழும்பிய தேதியையும் எழுதுங்கள். வந்து 10 நாளுக்குள் எழும்பியிருந்தால் வெளியிலேயே தொற்றியது. 21 நாளுக்குப் பிறகு எழும்பியிருந்தால் உள்ளே தொற்றியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் எந்தப் பக்கமும் சேர்க்காமல், தீர்மானிக்க முடியாதவை என்று தனி நிரலில் வையுங்கள். அந்த நிரலைத் தங்களுக்குப் பிடித்த பக்கம் தள்ளிவிட்ட ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன். முடிவே தலைகீழாகப் போய்விடும்.

வெளியே போனவர்களுக்கும் இதே கணக்குத்தான். விடுதலையாகி 10 நாளுக்குள் எழும்பினால் உள்ளே தொற்றியது, 21 நாள் தாண்டினால் வெளியே தொற்றியது.

உள்ளே இருப்பவர்களிடம் தேதி கேட்டால் வராது. நாட்காட்டி பார்த்து வாழும் இடமில்லை அது. "போன வாய்தாவுக்கு முன்னாலயா பின்னாலயா? கோழிக்கறி போட்ட அன்னிக்கா, மறுநாளா? அம்மா மனு பார்க்க வந்தப்போ உடம்புல இருந்துச்சா?" என்று கேளுங்கள், தேதி தானாக வந்துவிடும்.

முதல் நோயாளி யார் என்று தேடும்போது ஒன்று மறக்காதீர்கள். வயதான ஒருவருக்கு இடுப்பில் வந்த அக்கிகூடத் தொடக்கமாக இருக்கலாம். அக்கியும் அதே வைரஸ்தான். சிறுவயதில் வந்த அம்மை உடலுக்குள் உறங்கி எழுந்தது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவராமலே ஒரு கொட்டடியில் அம்மை கிளம்ப இது ஒன்று போதும்.

பிறகு படம் வரையுங்கள். கீழே நாட்கள், மேலே நோயாளிகள், ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு நிறம். இரண்டு வாரம் இடைவெளி விட்டுக் குவியல் குவியலாக வந்தால் ஆளுக்கு ஆள் பரவியிருக்கிறது. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குத் தாவிய இடத்தில் நிறுத்தி, அந்தத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் இரண்டு தொகுதியும் எங்கே சந்தித்தன என்று தேடுங்கள். எனக்கு ஒரு முறை விடை வழிக்காவல் வண்டியில் கிடைத்தது. தனித்தனித் தொகுதியில் இருந்த இருவர் ஒரே நாளில் ஒரே வண்டியில் நீதிமன்றம் போய், அங்கே ஒரே லாக்கப் அறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தொகுதிகளைப் பிரித்து வைத்திருந்த சிறை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

வார்டன்களை விட்டுவிடாதீர்கள். கைதி மாறிக்கொண்டே இருப்பார், வார்டன் பத்து ஆண்டு அங்கேயே இருப்பார். மாலையில் வீட்டுக்குப் போவார், அவர் பிள்ளை பள்ளிக்குப் போகும். அவர்களுக்கும் அதே படிவம், அதே கேள்வி. சிறை அதிகாரிகள் ஆய்வுக்கு மனம் திறப்பதும் இந்த இடத்தில்தான். தங்கள் ஆட்களின் உடம்பைப் பற்றியும் ஒருவர் கேட்கிறார் என்றால் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

சிறையைச் சுற்றிய ஊர் எது

வரைபடத்தில் புழல் சிறையைச் சுற்றி வட்டம் போட்டால் காவாங்கரை, செங்குன்றம், மாதவரம் என்று வரும். அங்கே வார்டன் குடும்பங்களும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் விடுதலையானவர் ஏரிக்கரையில் குடியிருப்பதில்லை, பேருந்து ஏறித் தன் வீட்டுக்குப் போகிறார். சிறையின் அக்கம்பக்கம் என்பது நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. எந்தெந்தப் பேட்டை என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். பெயர் அச்சில் வந்துவிட்டால் அந்த முகவரி போட்ட விண்ணப்பத்துக்கு வேலை கிடைக்காது.

சிகாகோவில் செய்த ஓர் ஆய்வு இதைக் காட்டுகிறது. 2020-இன் தொடக்கத்தில் குக் கவுண்டி சிறைக்குள் போய் வெளியே வந்தவர்கள் எந்தெந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிக்குத் திரும்பினார்கள் என்று எண்ணி, அதே பகுதிகளின் கோவிட் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். ஏப்ரல் 19 வரை இல்லினாய் மாநிலத்தில் பதிவான தொற்றில் 15.7 விழுக்காடு இந்தப் போக்குவரத்தோடு தொடர்புடையதாக இருந்தது. வறுமை, மக்கள் நெருக்கம், பொதுப் போக்குவரத்து போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் அது. அந்த முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், எண்ணைச் சென்னைக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே ஜெயில் என்பது பெரும்பாலும் விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனைக்காரர்களும் இருக்கும் இடம். நீண்ட தண்டனைக்கு வேறு சிறை. இன்னொன்று, பகுதிக் கணக்கு இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று சொல்லாது.

அதைச் சொல்ல மரபணு ஒப்பீடு வேண்டும். பிரேசிலில் டூராடோஸ் நகரத்தில் காசநோய்க் கிருமிகளை அப்படி ஒப்பிட்டபோது, ஊர் மக்களிடம் எடுத்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை சிறையில் கண்ட வகைகளோடு உறவுடையவையாக இருந்தன. சென்னையில் சேத்துப்பட்டிலேயே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சளி மாதிரியை எடுக்கும்போதே ஒப்பீட்டுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

வீட்டு வாசலில்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. விடுதலையானவர்களின் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு லைன் வீடு, பொதுக் குழாயடி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் மேலே 'சிறை' என்று பெரிதாக அச்சடித்த படிவம். குடத்தோடு நின்ற பெண்ணிடம் கணவர் பெயரைச் சொல்லி, வந்துவிட்டாரா என்று கேட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உள்ள வாங்க" என்றாள். குரலே எழும்பவில்லை. கணவர் பெங்களூரில் டிரைவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். குழாயடியில் நின்ற நான்கு பேரும் என் படிவத்தைப் படித்துவிட்டார்கள். அடுத்த மாதம் போனபோது அந்த வீடு காலியாக இருந்தது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

அதன் பிறகு நான் செய்வது இது. உள்ளே இருக்கும்போதே அவரிடம், வீட்டுக்கு வரலாமா, வந்தால் யார் என்று சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் போவதில்லை, போனில் பேசலாமா என்று மட்டும் கேட்கிறேன். படிவத்தின் தலைப்பு 'அம்மை, இருமல் வீட்டுக் கணக்கெடுப்பு'. அந்தத் தெருவிலேயே அக்கம்பக்கத்தில் பத்து வீடுகளிலும் அதே படிவத்தை நிரப்புகிறேன். இதனால் யாரும் ஒரு வீட்டை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறைத் தொடர்பு இல்லாத வீடுகளின் எண்ணிக்கையும் ஒப்பிடக் கிடைத்துவிடுகிறது. அது இல்லாமல் உங்கள் எண்ணுக்குப் பொருளே இருக்காது. மாசி, பங்குனியில் ஊரெல்லாம்தான் அம்மை இருக்கும்.

கேட்கும் சொல்லும் முக்கியம். "சின்னம்மை நோய் வந்ததா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததை நோய் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், மருத்துவமனைக்கும் போக மாட்டார்கள். அரசுப் பதிவேட்டில் அந்த அம்மை இருக்காது. "இந்த ஆறு மாசத்துல வீட்டுல யாருக்காவது அம்மா போட்டிருந்துச்சா? வாசல்ல வேப்பிலை சொருகினீங்களா?" என்று கேளுங்கள். அப்புறம், "முதல் தண்ணி எந்தக் கிழமை ஊத்தினீங்க? அதுக்கு எத்தனை நாள் முன்னால முத்து தெரிஞ்சுது?" தலைக்கு ஊற்றிய நாள் எந்தத் தாய்க்கும் மறக்காது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முத்து எழும்பிய தேதி கிடைத்துவிடும்.

அனுமதியும் ஒப்புதலும்

சிறைத் துறைத் தலைமையகம் எழும்பூரில் இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் துறையின் அனுமதியும் தனித்தனி. இரண்டும் சேர்ந்து கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சிறையில் இருப்பவர்களை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஏன் என்பதற்கு நம் நகரத்திலேயே ஒரு நினைவு உண்டு. 1986-இல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா எடுத்து, வேலூரில் சோதித்தவை. நாட்டைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ரத்தம் கொடுத்த பெண்கள் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகக்கூடிய இடத்தில் அவர்கள் இல்லை. ஊசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

ஒப்புதல் கேட்கும்போது வார்டன் கண்ணில் படலாம், காதில் படக் கூடாது. மறுத்தாலும் மருத்துவம் கிடைக்கும், சம்மதித்தாலும் ஜாமீனோ தண்டனைக் குறைப்போ கிடைக்காது, இரண்டையும் வாயால் சொல்லுங்கள். ஊசி போதை, உள்ளே நடக்கும் உடலுறவு இவற்றைப் பற்றிய பதில் அவரை இன்னொரு வழக்கில் மாட்டிவிடக்கூடும். உங்களால் காப்பாற்ற முடியாத பதிலைக் கேட்காதீர்கள்.

போகும் நாள்

ஆய்வுக் கட்டுரை அச்சாக ஓராண்டு ஆகும். அதுவரை உள்ளே இருப்பவர் காத்திருக்கக் கூடாது. வாரந்தோறும் அந்த வாரத்து வரைபடத்தைச் சிறை மருத்துவரிடம் கொடுத்துவிடுவேன். அம்மை கண்ட கொட்டடியில் இதுவரை அம்மை வராதவர் யார் யார், முதல் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டுவிட முடியுமா, கர்ப்பிணிகளும் எச்ஐவி உள்ளவர்களும் எங்கே என்பதுதான் அன்றைக்குப் பேச வேண்டிய பேச்சு.

விடுதலையும் அப்படித்தான். 1956-இல் இந்த நகரத்தில் தொடங்கிய ஆய்வுதான் காசநோய் மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது. ஆபத்து பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முந்திய நாட்களில் இருக்கிறது, அப்புறம் சிகிச்சை அறுந்துபோகும் நாட்களில். ஆறு மாதச் சிகிச்சையில் இரண்டாம் மாதம் இருக்கும் ஒருவருக்கு மாலை ஆறு மணிக்கு ஜாமீன் வருகிறது. மருந்தகம் பூட்டியிருக்கிறது. அவர் போய்விடுகிறார்.

இப்போது சிறை மருத்துவமனையின் உள்வாசலில் ஒரு வெள்ளைப் பலகை வைக்கச் சொல்கிறேன். கடைசி அம்மை எந்தத் தொகுதியில், எந்தத் தேதியில் என்று ஒரு வரி. அதோடு 21 நாள் கூட்டிய தேதி இன்னொரு வரி. அதற்குள் அந்தத் தொகுதியிலிருந்து வெளியே போகிறவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு: வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்தத் தேதி வரை கவனமாக இருங்கள், முத்து தெரிந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீட்டில் எங்கும் சிறை என்ற சொல் கிடையாது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அவர் வீட்டருகே உள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தின் பெயர் எழுதிய பதினைந்து நாள் மாத்திரைப் பொட்டலம் அலுவலக மேசையிலேயே தயாராக இருக்கும். கேட்டில் கையெழுத்துப் போட அவர் குனியும்போது, அந்தப் பொட்டலத்தைப் பதிவேட்டின் மேல் வைக்கும்படி பணியில் இருப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.